பென்சிலில் எழுதிய பூண்டு

எங்கள் வீட்டு ரசம் எங்கள் ஆச்சியிடமிருந்து வந்தது என்று முப்பது வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரி விடுதியிலும், பிறகு பெங்களூர் வேலையில் சேர்ந்த பின் அறை நண்பர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டு ஆச்சி, அம்மியில் மிளகையும் சீரகத்தையும் நுணுக்கி, நான்கு பல் பூண்டைத் தட்டிப் போட்டு வைத்த ரசம், அம்மா கைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் தட்டுக்கு வந்தது என்று ஒரு கதை. கதையில் அம்மிகூட இருந்தது. நான் அந்த அம்மியைப் பார்த்ததாகவே ஞாபகம்.

இரண்டு வருடங்களுக்கு முன் பெற்றோர் வீடு மாற்றினார்கள். பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியில் என் பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அடியில் அட்டை போன ஒரு புத்தகம் கிடைத்தது. தையல் பிரிந்து, காக்கித் தாள் ஒட்டி, எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிப்போன பக்கங்கள். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்', முதல் பாகம். ரசம் வரும் பக்கத்தில்தான் கறை அதிகம். ஓரத்தில் அம்மாவின் கையெழுத்தில், பென்சிலில்: "பூண்டு 4 பல். தட்டிப் போடவும்."

அவ்வளவுதான். அச்சில் இருந்த ரசமும் பென்சிலில் இருந்த பூண்டும் சேர்ந்ததுதான் எங்கள் பரம்பரை ரசம்.

அம்மாவிடம் கேட்டேன். "ஆச்சி எங்க எனக்குச் சொல்லிக் குடுத்தா? அடுப்படிப் பக்கமே விட மாட்டா. படிக்கிற புள்ள கையச் சுட்டுக்கக் கூடாதும்பா. கல்யாணம் ஆகி நாக்பூர் போறப்ப எனக்கு வெந்நி வைக்கத் தெரியும். எல்லாம் இதப் பாத்துதான்" என்றாள். அப்பா ரயில்வேயில் இருந்தார். 1985இல் திருமணம். அம்மா, எங்கள் ஊரில் டீச்சர் ட்ரெய்னிங் முடித்த முதல் சில பெண்களில் ஒருத்தி. மொழி தெரியாத ஊரில், ரயில்வே குவார்ட்டர்ஸில், இருபத்திரண்டு வயதில், ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தாயிடமிருந்து மகளுக்கு என்று நாம் சொல்லும் அந்தச் சங்கிலி எங்கள் வீட்டில் ஏற்கனவே அறுந்துபோயிருந்தது. அறுந்த இடத்தில் ஒரு புத்தகம் இருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றியும், அதன் ஓரக் குறிப்புகளைப் பற்றியும்.

*

'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மகனை வளர்க்க வேண்டியிருந்தது. சமையலில் பெயர் எடுத்தவர் என்பதால் உறவுப் பெண்கள் வெளியூர்களிலிருந்து கடிதம் எழுதிச் செய்முறை கேட்பார்களாம். இவரும் பதில் எழுதுவார். இதைக் கவனித்த அவருடைய உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி அய்யர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட ஒரு புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று தூண்டியிருக்கிறார். அப்படி வந்ததுதான் இது. பிறகு அடுத்தடுத்த பாகங்கள், 'குக் அண்ட் ஸீ' என்ற ஆங்கில வடிவம், பென்குயின் பதிப்பு என்று நீண்டு, இன்றும் அச்சில் இருக்கிறது. அவருடைய குடும்பத்தின் அடுத்த தலைமுறைகளே அதைத் தொடர்ந்து கொண்டு வருகிறார்கள்.

இந்தப் பிறப்புக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கடிதம். இது பாடப் புத்தகமாகத் தொடங்கவில்லை. கேள்விக்குப் பதிலாகத் தொடங்கியது. கேட்டவள் வெளியூரில் இருக்கிறாள். பக்கத்தில் அம்மா இல்லை, மாமியார் இல்லை, எட்டிப் பார்த்து "போதும், இறக்கு" என்று சொல்ல ஆளில்லை. ஐம்பதுகளில் வேலைக்காகக் குடும்பங்கள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் பிரிந்துபோனபோது உடைந்த ஒரு சமையலறைக்காக எழுதப்பட்ட உரைநடை அது. வாசகி தனியாக இருக்கிறாள் என்ற ஓர்மை அந்த எழுத்தில் எப்போதும் உண்டு. முப்பத்தைந்து வருடம் கழித்து நாக்பூரில் தனியாக இருந்த என் அம்மாவுக்கு அது வேலை செய்ததற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் டாக்குமெண்டேஷன் என்று ஒன்று உண்டு. அதை எழுத யாருக்கும் பிடிக்காது. எழுதுபவர்களும் பெரும்பாலும் தங்களுக்கே எழுதிக்கொள்வார்கள். "வழக்கம்போல செட்டப் செய்துகொள்ளவும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வழக்கம் என்ன என்று தெரிந்தவனுக்கு அந்த ஆவணமே தேவையில்லை. நல்ல ஆவணம் என்பது ராத்திரி இரண்டு மணிக்கு, எழுதியவனை எழுப்ப முடியாத நேரத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி படித்துப் புரிந்துகொண்டு சரிசெய்யக்கூடியது. நம் சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை முதல் வகை. "தேவையான அளவு உப்பு", "பதமாக வறுத்து", "பக்குவம் வந்ததும் இறக்கவும்." தேவை எவ்வளவு, பதம் எது, பக்குவம் எப்போது வரும் என்பதுதானே கேள்வியே! மீனாட்சி அம்மாள் இரண்டாம் வகை. புளி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. உப்புக்கு அளவு சொல்வது சாதாரணக் காரியம் இல்லை. தப்பினால் பழி தன்மேல் விழும் என்று தெரிந்தும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு அது.

அளவுகள் எல்லாம் அந்தக் காலத்து அளவுகள். படி, ஆழாக்கு, வீசை, பலம். எட்டு ஆழாக்கு ஒரு படி. நாற்பது பலம் ஒரு வீசை. ஒரு பலம் இன்றைய கணக்கில் சுமார் 35 கிராம். மெட்ரிக் எடைச் சட்டம் இந்தியாவில் வந்ததே 1956இல்தான். அதாவது புத்தகம் வந்து ஐந்தே வருடத்தில் அதன் எடைக் கற்கள் சட்டப்படி காலாவதியாகத் தொடங்கிவிட்டன. 1959 வாக்கில் இந்தியாவிலேயே பிரஷர் குக்கர் செய்யத் தொடங்கினார்கள். அதன்பின் அடுப்பின் கணக்கும் மாறிவிட்டது. என் அம்மாவின் பிரதியில் ஆழாக்கு வரும் இடங்களில் எல்லாம் பென்சிலில் "1 டம்ளர்" என்று இருக்கிறது. பருப்பு வேகும் இடங்களில் "3 விசில்". ஒரு பக்கத்தில் "புளி பாதி போதும்". இன்னொன்றில் "இவருக்குப் பிடிக்கல". மற்றொன்றில் "12.4.89, மேனேஜர் வீட்டார் வந்தபோது செய்தது. நன்றாக வந்தது." நான் பிறந்து ஒன்றரை வருடத்தில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மேனேஜர் வீட்டாருக்குச் சமைத்திருக்கிறாள்.

மென்பொருளில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்ற வரலாறு தானாகவே பதிவாகிவிடும். இது கையால் எழுதப்பட்ட அப்படியொரு வரலாறு. மூலத்தை யாரும் அழிக்கவில்லை. மேலே ஏறி உட்கார்ந்த திருத்தங்கள் மட்டும் இருக்கின்றன. ஒரு சமையல் புத்தகத்தை மதிப்பிட அதன் ஓரங்களைப் பார்த்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது. சுத்தமான பிரதி என்றால் யாரும் அதைக் கேட்டு நடக்கவில்லை என்று அர்த்தம்.

*

தலைப்பைக் கொஞ்சம் பார்க்கலாம். 'குக் அண்ட் ஸீ' என்ற ஆங்கிலப் பெயர் சொல்லுக்குச் சொல் சரி, பொருளில் தவறு. 'சமைத்துப் பார்' என்பதில் உள்ள 'பார்' கண்ணால் பார்ப்பது இல்லை. கேட்டுப் பார், போய்ப் பார், முயன்று பார் என்கிறோமே, அந்தத் துணைவினை. சமைக்க முயற்சி செய், வந்தால் வரட்டும், வராவிட்டால் மறுபடி செய். தோல்விக்கு இடம் விட்ட ஒரு ஏவல். கூடவே அதில் வேறொரு தொனியும் உண்டு. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்ற பழமொழியில் வரும் 'பார்' அது. செய்து பார்த்தால்தான் தெரியும் இதன் கஷ்டம் என்ற சவால். ஒரே சொல்லில் தைரியமும் எச்சரிக்கையும் இருக்கின்றன. அன்போடு சமை, ரசித்துச் சமை என்று தலைப்பு சொல்லவில்லை. அன்பு உன் சொந்த விஷயம், எனக்குத் தெரிந்தது வேலை, அதைச் சொல்லித் தருகிறேன் என்கிற மாதிரி இருக்கிறது.

இதை நான் உணர்ந்தது ஒரு சின்னத் தோல்விக்குப் பிறகு.

புத்தகம் கிடைத்த உற்சாகத்தில், அம்மாவின் சமையலை முழுமையாக ஆவணப்படுத்துவது என்று கிளம்பினேன். டிஜிட்டல் தராசு வாங்கினேன். ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். விடுமுறையில் ஊருக்குப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் கைப்பிடியில் அள்ளும் எதையும் பாத்திரத்தில் விழுவதற்கு முன் தட்டில் வாங்கி நிறுத்தேன். புளிக்குழம்புக்கு மட்டும் ஆறு தடவை. உப்பு 11 கிராமிலிருந்து 17 கிராம் வரை ஏறி இறங்கியது. சராசரி எடுத்து நான் வைத்த குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை.

"எய்யா, அத எதுக்கு நிறுக்கே?"

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு போடுதியேம்மா."

"புளி பழசுன்னா கறுத்துப் போயிருக்கும், உப்பு கூட வேணும். புதுப் புளின்னா வேண்டாம். அப்பாவுக்குப் பிரஷர் கூடின வாரம் கொறைப்பேன். நீங்க வந்தா கூட்டுவேன். இதெல்லாம் உன் தராசுல தெரியுமா?"

தெரியாது. அவள் செய்தது அளவில் இல்லை, திருத்தத்தில் இருந்தது. ருசி பார், மாற்று, மறுபடி ருசி பார். எஞ்சினியரிங் படிப்பில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று ஒரு பாடம் நடத்துவார்கள். வெளிவருவதை அளந்து உள்ளே போவதைத் திருத்துவது. அதில் நான் நல்ல மார்க் வாங்கியவன். என் அடுப்படியில் அது நடந்துகொண்டிருந்தது தெரியவில்லை.

மூன்றாம் நாள் நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்: "உனக்கு சமையல்ல இருக்கிற ஆசை பாப்பாவுக்கும் வரணும்மா. அதுக்குத்தான் இதெல்லாம் எழுதி வைக்கேன்." பாப்பா என் மகள். எட்டு வயது.

அம்மா அடுப்பை அணைத்தாள். "எனக்கு ஆசைன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "முப்பத்தெட்டு வருஷமா செய்யுதேன். செஞ்சேன், அவ்ளோதான். நீங்க சாப்பிட்டுட்டு ஆஹான்னு சொல்லும்போது நல்லாத்தான் இருக்கும். ஆனா ஆசைன்னா எனக்கு ஸ்கூலுக்குப் போணும்னுதான் ஆசை. மூணு ட்ரான்ஸ்பர், ரெண்டு புள்ள. அப்புறம் எங்க." இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மிளகாய் விலை சொல்வது மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

*

சமையலைப் பற்றித் தமிழில் இன்று எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு பெரிய பங்கு அம்மாவின் கைமணத்தைப் பற்றியது. நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் ஆச்சியின் அம்மி வருகிறது. இந்த எழுத்துகளுக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. நகரத்தில் இருக்கும் மகன், ஒரு மழைநாள், ஒரு வாசனை, பிறகு அம்மாவின் சமையலறை, அன்புதான் அதில் சேர்ந்த ரகசியப் பொருள் என்ற முடிவு. மகளுக்குக் கடத்த வேண்டும் என்ற ஏக்கம். எழுதுபவன் பெரும்பாலும் சாப்பிட்டவன். இந்த வகையின் பலவீனம் இனிப்பு அல்ல, தகவல் பிழை. வேலையை அன்பு என்று மொழிபெயர்த்துவிடுகிறது. மொழிபெயர்த்த பிறகு அந்த வேலையில் அலுப்பு இருந்ததா, வேறு ஆசை இருந்ததா என்று கேட்கவே வழியில்லாமல் போய்விடுகிறது.

மரபே அப்படித்தான் என்று சொல்ல முடியாது. குறுந்தொகையின் 167ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். கூடலூர் கிழார் பாடியது. மகள் புதுக்குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, அதை மாற்றக்கூட நேரமில்லாமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை, நன்றாக இருக்கிறது என்று கணவன் உண்டான். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. இதைச் சமையல் வழியே மலரும் காதலின் பாடலாகவே எனக்குப் பள்ளியிலும் பிறகும் சொல்லித் தந்தார்கள்.

இப்போது படிக்கும்போது வேறொன்று முன்னால் வந்து நிற்கிறது. அந்தச் சின்னப் பாடலில் கணவனுக்குக் கிடைத்திருப்பது ஒரு பாராட்டுச் சொல். மற்றபடி விரல், துணி, புகை, கண், துழாவல். புலவர் வேலையைப் பார்த்திருக்கிறார். தயிர்க் கறை படிந்த துணியைப் பார்த்திருக்கிறார். அந்த மலர்ச்சியும் நுண்ணியது என்றுதான் சொல்கிறார், பெரும் மகிழ்ச்சி என்று சொல்லவில்லை. சொல்பவள் செவிலி என்பதும் கவனிக்க வேண்டியது. வளர்த்தவளுக்கு இருந்த கவலை, செல்லமாக வளர்ந்த பெண் தனியாகச் சமாளிப்பாளா என்பது. சமாளித்துவிட்டாள் என்பதே செய்தி. என் அம்மா நாக்பூரிலிருந்து ஆச்சிக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர்களிலும் இந்தச் செய்திதான் இருந்திருக்கும். நாம்தான் பிற்பாடு புகையைத் துடைத்துவிட்டு மலர்ச்சியை மட்டும் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டோம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சமையலைக் கலை என்று சொல்லும்போது நம் மரபில் வரும் பெயர்கள் ஆண்களுடையவை. நளபாகம், பீமபாகம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்களுக்குப் படைக்கும் விருந்து, அருச்சுனனின் அண்ணன் செய்த சமையல் நூலின் முறைப்படி ஆக்கியது என்று வருகிறது. நூல் எழுதியவன் வீமன். துணியில் கை துடைத்தவளுக்குப் பெயரே இல்லை. எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு அப்பாவுடையது. வாரத்துக்கு ஒரு வேளை. அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். மீதி இருபது வேளையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். கைமணம் என்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த 299 நிமிடமும்தான்.

இந்த இடத்தில்தான் மீனாட்சி அம்மாளின் வறண்ட உரைநடை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவருக்குக் கைமணம் என்ற மாயத்தில் நம்பிக்கை இல்லை. இருந்திருந்தால் புத்தகம் எழுதியிருக்க முடியாது. சொல்லித் தந்தால் யாருக்கும் வரும் என்று நம்புகிறவர்தான் உப்புக்கு அளவு எழுதுவார். கைப்பக்குவம் ரத்தத்தில் வருவது என்றால், வராதவளுக்கு விமோசனம் இல்லை, வந்தவளுக்கு விடுதலை இல்லை. இரண்டு பேரையும் அந்தப் புத்தகம் காப்பாற்றப் பார்த்தது.

*

ஆனால் புத்தகத்தைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. அதில் ஒரு பெரிய மௌனம் இருக்கிறது. அது ஒரு பிராமண வீட்டின் சைவச் சமையலறை. 1951இல் தன் உறவுப் பெண்களுக்கு எழுதியவர் தன் சமையலறையை எழுதினார், அதில் குற்றமில்லை. ஆனால் ஒரு வீட்டின் சமையல் அச்சேறி, பரவி, பிறகு ஆங்கிலத்தில் தமிழ்ச் சமையலின் செவ்வியல் கையேடாக அறிமுகமானபோது, மற்ற வீடுகளின் அடுப்பு வெளியே நின்றது. அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, இந்தியாவில் ஒரு தேசியச் சமையல் எப்படி உருவாகிறது என்பதை நடுத்தர வர்க்கப் பெண்கள் எழுதிய ஆங்கிலச் சமையல் புத்தகங்களின் வழியே ஆராய்கிறது. எழுதப்பட்டது எதுவோ அதுவே அந்தப் பகுதியின் முகமாகிவிடும் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். எழுத நேரமும், அச்சிட வசதியும், படிக்க உறவும் இருந்தவர்களின் குழம்பு 'தமிழ்க் குழம்பு' ஆகிறது. கருவாட்டுக் குழம்புக்கும் குடல் கறிக்கும் எழுபது வருடத்துக்கு முன் அப்படி ஒரு மீனாட்சி அம்மாள் அமையவில்லை.

அம்மாவுக்கு அந்தப் புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமி கொடுத்தாராம். இவள் தினமும் பருப்பைத் தீய்க்கும் வாசனை பொறுக்காமல், ஒருநாள் மதிலுக்கு மேலாக நீட்டி, "வச்சுக்கோடி, எனக்கு எல்லாம் மனப்பாடம்" என்றாராம். அதன்பின் ஒரு வருடம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சந்தேகம் தீர்த்திருக்கிறார். "ரொம்ப நல்ல மாமி" என்றாள் அம்மா. "ஆனா நம்ம வீட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சதில்ல." இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். நான் ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிட முயன்றேன். முடியவில்லை. இந்தப் புத்தகத்தை ஒரு சாதியின் ஆதிக்கம் என்று மட்டும் எழுதினால் தனியாக இருந்த ஒரு பெண்ணுக்கு நீண்ட அந்தக் கை விட்டுப்போகிறது. அன்பளிப்பு என்று மட்டும் எழுதினால் குடிக்காத காப்பி விட்டுப்போகிறது.

அம்மா இதற்கெல்லாம் கோட்பாடு தேடவில்லை. பென்சிலை எடுத்து ஓரத்தில் பூண்டு என்று எழுதினாள். ஒரு பக்கத்தில் இல்லை, பல பக்கங்களில். புத்தகத்தைத் தூக்கி எறியவும் இல்லை, அதற்குள் கரைந்துபோகவும் இல்லை. இதுவரை நான் படித்த எந்த விமர்சனத்தைவிடவும் அந்த நான்கு பல் துல்லியமானது.

கடைசி வெற்றுத்தாளில் ஒரே ஒரு செய்முறை முழுதாக இருக்கிறது. உளுந்தம்பருப்புச் சோறு. அரிசி 1 டம்ளர், தோல் உளுந்து அரை டம்ளர், பூண்டு 10 பல், வெந்தயம் அரை ஸ்பூன், தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கீழே அடைப்புக்குறிக்குள் "ஆச்சி செய்வது". உண்மையில் ஆச்சியிடமிருந்து வந்தது அதுதான். அதைச் சாப்பிட்டுப் பார்த்து, ஊகித்து, நாக்பூரில் பலமுறை கெடுத்து, பிறகு சரியாக வந்த ஒருநாளில் எழுதி வைத்ததாம். சொல்லித் தந்து வந்த மரபு இல்லை. மீனாட்சி அம்மாள் காட்டிய முறையில் தன் வீட்டையும் ஒருத்தி எழுதிப் பார்த்திருக்கிறாள்.

*

ஸ்ப்ரெட்ஷீட்டை மூடிவிட்டேன். மகளுக்குச் சமையலின்மேல் ஆசையைக் கடத்த வேண்டும் என்ற திட்டத்தையும்தான். ஆசை வந்தால் வரட்டும். எனக்கு இப்போது தோன்றுவது, கடத்த வேண்டியது திறமை என்பதுதான். பசித்தால் தனக்கும் இன்னொருவருக்கும் சேர்த்து ஒருவேளை ஆக்கத் தெரிவது. அதைப் பிடிக்கவில்லை என்று சொல்ல உரிமை இருப்பது. அந்த உரிமை என் அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல்தான், அதுவும் நான் தராசோடு போய்த் தொந்தரவு செய்ததால்தான் கிடைத்தது. இதில் மகளைவிட முதலில் கற்க வேண்டியவன் நான் என்பதும் புரிந்தது. ஆச்சி அம்மாவை அடுப்படிக்கு விடாததற்கு ஒரு காரணம் இருந்தது, அவள் படிக்க வேண்டும். என்னை விடாததற்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை, நான் ஆம்பளைப் பிள்ளை, அவ்வளவுதான்.

இப்போது வாரத்தில் நான்கு நாள் இரவுச் சமையல் என்னுடையது. புத்தகத்தை பைண்ட் செய்து அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறேன். மகள் சில நாள் கூட நின்று பூண்டு உரிப்பாள், சில நாள் "போர்" என்று போய்விடுவாள். போகட்டும்.

போன மாதம் அம்மா வந்திருந்தாள். ரசம் வைத்தேன், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பூண்டைத் தட்டி. தட்டில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். நான் கூடலூர் கிழாரின் தலைவி மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உப்பு லேசாக் கம்மி" என்றாள். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

நான் பென்சிலைத் தேடினேன்.

"அதயெல்லாம் எழுதாத. நாளைக்குப் புளி வேற மாதிரி இருக்கும். உக்காந்து சாப்பிடு, ஆறிப்போகுது."